முதுகைக் காட்டித் தொங்கிய கடிகாரம்

கடையில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரும் என்னைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் அல்ல, நான் தேநீர் குடிக்கப் போனபோது மற்றவரிடம். "ஓட்டம் பார்க்கத் தொங்கவிடும் கடிகாரங்களை ஐயா ஏன் முகம் சுவர்ப்பக்கமும் முதுகு தெருப்பக்கமுமாக மாட்டச் சொல்கிறார்?" தூசிக்காக இருக்கும் என்று ஒருவர் சொன்னாராம். வயதாகிவிட்டால் அப்படித்தான் என்று இன்னொருவர். இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் உத்தரவு இனிச் செல்லாது என்பதால் காரணத்தைச் சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நீங்கள் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அசலை வாங்கியவன் டயலைக் கறுப்பாக்கு, முள்ளை மாற்று என்று அதை அசல் என்றே தெரியாதபடி ஆக்கிக்கொண்டு போகிறான். ரெப்லிகா வாங்கியவன் அதை அசலாக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். இருவரிடமும் சிரித்தபடி வேலை வாங்குகிறோம். இது உங்கள் தலைமுறை கண்டுபிடித்த தொழில் என்று நினைக்கிறீர்கள். மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், காலையில் ரோட்டில் கிளம்பியவன் வீடு திரும்புவானா என்று யாருக்கும் தெரியாத நாள்களில்கூட, கோலசிலாங்கூரில் மனிதர்கள் கடிகாரத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். பயம் வந்தால் ஆடம்பரம் போய்விடும் என்பது பொய். நேர்மாறாகத்தான் பார்த்தேன்.

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை கிடைத்தது. நான் சேரவேண்டிய வாரத்தில் அந்த ஆபீசைக் கம்யூனிஸ்டுகள் கொளுத்திவிட்டார்கள். ஆகவே படகுத்துறைக்குப் பக்கத்திலிருந்த கடிகாரக் கடையில் சேர்ந்தேன். முதலாளி சீனர். எல்லாரையும்போல நானும் அவரைத் தவுக்கே என்றே கூப்பிட்டேன். பெயரை எழுதமாட்டேன், அவருடைய சொந்தக்காரர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். தாய் பால்மரம் வெட்டிய தோட்டத்தில் எங்கள் தமிழாள்கள் குடியிருந்த லயத்திலேயே வளர்ந்ததால் அவருக்கு முதலில் வந்த மொழி தமிழ். கோபம் வந்தால் சேலம் ஜில்லாக்காரர் தோற்றுப்போவார். என்னைக் "கேம்பிரிட்ஜு" என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

தவுக்கே ரெட்டை செய்வதில் கெட்டிக்காரர். ரெப்லிகா என்ற சொல் அன்று கிடையாது. ரெட்டை என்போம். சுவிஸ் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தால், மலிவான மெஷினை வாங்கி, கேசுக்குத் தங்கமுலாம் பூசி, டயலில் பெயரை எறும்புக்கால் எழுத்தில் எழுதி, பக்கத்தில் வைத்து "எது உன்னோடது, சொல்லு லா" என்பார். சொந்தக்காரனே பாதி நேரம் தப்பாகக் காட்டுவான். அது சட்டப்படி குற்றம் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே விதியைச் சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அரம் எடுத்துத் தரச் சொன்னார்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஆற்றுக்கு மேல்பக்கத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரத் துரை. கடிகாரப் பைத்தியம். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வருவார். ஒன்றுக்கு வெள்ளை டயலை எடுத்துக் கறுப்பு, இன்னொன்றுக்கு நீல முள். இருட்டில் ஒளிவிடும் ரேடியத்தை எல்லாவற்றிலும் சுரண்டச் சொன்னார். சுடுகிறவனுக்கு விளக்குப் பிடிப்பானேன் என்பது அவர் வாதம்.

அவருடைய பெருமை ஒரு தங்கக் கடிகாரம். துரைசாணி கல்யாணத்தன்று கொடுத்தது. பின்மூடியில் அம்மாளின் செல்லப்பெயரைப் பொறித்திருந்தது. அதற்கு ஒரு ரெட்டை வேண்டும் என்று கேட்டார். காரணம் அந்தத் தோட்டத்தின் ஒரு பழக்கம். அங்கே தோட்டத்து நேரம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆபீஸ் கடிகாரத்தை ஊர்க் கடிகாரத்தைவிட அரை மணி முன்னால் ஓடவிடுவார்கள். ஆள்கள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, வந்து நிற்பதற்காக. சூரியனை ஏமாற்ற முடியாதவர்கள் கூலிக்காரனை ஏமாற்றிக்கொண்டார்கள். போலீசுக்கும் ஊரடங்குக்கும் டெலிபோனுக்கும் சர்க்கார் நேரம். எப்போதும் கூட்டிக் கழித்து அலுத்துப்போன துரை, இடது கையில் அசலைக் கட்டி அதில் சர்க்கார் நேரமும், வலது கையில் ரெட்டையைக் கட்டி அதில் தோட்டத்து நேரமும் வைத்துக்கொண்டார். வலது கைக்கு ஏதாவது சாதாரணக் கடிகாரம் போதாதா என்று கேட்டேன்.

"வலது கை இடது கையைப் பார்த்து வெட்கப்படக் கூடாது" என்றார்.

தோட்டத்தில் அவருக்கு ரெட்டைக் கடிகாரத் துரை என்றே பெயர். இதைத் தெரியாத குழந்தை லயத்தில் இல்லை.

அந்த மனிதரைச் சுட்டார்கள். மழைக்கால விடியற்காலை, ஆற்றோரப் பிரிவுக்குத் தனியாக ஜீப்பில் போனவரை, ரோட்டுக்குக் குறுக்கே மரம் போட்டு மறித்துச் சுட்டார்கள். சத்தம் லயத்துக்கு எட்டவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் உடம்பைக் கண்டெடுத்தார்கள். இரண்டு கைகளிலும் குண்டு. ஒரு குண்டு மணிக்கட்டைத் துளைத்து, கடிகாரத்தின் பின்மூடியைச் சப்பளித்து, உள்ளேயே நின்றுவிட்டது. முட்கள் ஆறு மணியில் நின்றிருந்தன.

கேள்விப்பட்டபோது தவுக்கே கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். முந்தின வாரம்தான் அந்தக் கையைப் பிடித்து வாரின் அளவு பார்த்திருந்தார்.

அடுத்த அதிர்ச்சி, அந்தத் தோட்டத்து மரவெட்டுக் கோஷ்டியின் மண்டோர், அதாவது கங்காணி, சூசையைப் பிடித்துப்போனார்கள் என்பது. சரணடைந்த தீவிரவாதி ஒருவன், சுட்டபோது எங்களோடு மண்டோர் தொப்பி போட்ட தமிழாள் ஒருவன் நின்றான் என்று சொல்லியிருக்கிறான். சூசைக்கும் துரைக்கும் அரிசி ரேஷனில் வாய்ச்சண்டை நடந்தது ஊரறிந்தது. போதாதா? தீவிரவாதிகளோடு சேர்ந்து நின்றான் என்று நிரூபித்தால் தூக்கு.

மறுவாரம் சூசையின் மனைவி அந்தோணியம்மா கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். மழைத்தண்ணீர் சேலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்தக் கடியாரத்த நீங்கதான் செஞ்சீங்களாம். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. செத்துப்போன தொர கையில கெடந்தது எது? அசலா, ரெட்டையா?"

"ஏம்மா கேட்கிறே?"

"தோட்டத்து ஆறு மணின்னா எங்க வீட்டுக்காரரு பெரட்டுல நின்னுக்கிட்டு இருந்தாரு. லயமே பாத்திச்சு. சர்க்காரு ஆறு மணின்னா அதுக்கு அரை மணி பிந்தி, பெரட்டு கலைஞ்சு போச்சு, அவரு காட்டுக்குத் தனியா நடந்து போனாரு. யாரும் பாக்கல. இன்ஸ்பெக்டரு, அது அசலு, சர்க்காரு நேரம், ஒம் புருசன் மாட்டிக்கிட்டான்னு சொல்றாரு."

ஒரு மனிதன் உயிரோடு இருப்பதும் சாவதும் ஒரு கடிகாரம் அசலா போலியா என்பதில் வந்து நிற்கும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. அவள் போன பிறகு தவுக்கே மெல்லச் சொன்னார்.

"கேம்பிரிட்ஜு, வாயத் தொறக்காதே. ரெட்டை செஞ்சது நான்னு தெரிஞ்சா கள்ளக் கடியாரம் செய்யிறவன், குண்டுக்கும் கடியாரம் செஞ்சு குடுத்திருப்பான்னு சொல்லுவானுங்க. விசாரணை கிடையாது, ஒண்ணும் கிடையாது. சீனாவுக்குக் கப்பல்ல ஏத்திடுவானுங்க."

மிகைப்படுத்தவில்லை. அவரைவிடக் குறைந்த காரணத்துக்குக் கப்பலேறியவர்களின் பெயரெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் தாமே வந்தார். தமிழர், நன்றாகப் படித்தவர், பேச்சு இனிமை. செல்லோபேன் உறைக்குள் அரக்கு முத்திரையோடு கடிகாரம். தங்க நிறம், காய்ந்த ரத்தம், ஆறு மணி. தவுக்கேயின் கைத்திறமையை அன்று சபித்தேன். முகத்தைப் பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை.

"துரையோட கடிகாரம், சுவிஸ் அசல். அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போடுங்க. சின்ன வேலை" என்றார்.

"எந்தக் கையில் இருந்தது, சார்?"

"இடது. நான்தான் முதலில் பார்த்தேன்."

"வலது கையில்?"

"ஒண்ணுமில்லை. அன்னிக்கு ஒண்ணுதான் கட்டியிருந்தார்."

"முத்திரையை உடைத்துப் பின்மூடியைத் திறக்கணும், சார். மெஷினைப் பார்க்காமல் அசல் என்று எழுத முடியாது."

"நீ என்ன வக்கீலா?"

"இல்லை சார், வாட்ச்காரன். வக்கீல் திறக்காமலே எழுதிவிடுவார்."

அவர் சிரித்தார். சிரித்தபடியே தவுக்கே பக்கம் திரும்பினார்.

"தவுக்கே, நீங்க எங்க பொறந்தீங்க? இங்கேயா, சீனாவுலயா?"

தவுக்கேயின் முகம் வாட்ச் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஆகிவிட்டது. "துவான் எப்படிச் சொல்றீங்களோ அப்படியே" என்றார்.

"திங்கட்கிழமை வரேன். தம்பிக்கு நல்ல புத்தி சொல்லி வைங்க."

இங்கே ஒரு விஷயம் என்னை உறுத்தியது. கேசை முடிக்க அவசரப்படும் போலீசைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவருக்கு சூசையின் மேல் கோபமே இல்லை. ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய கவலையெல்லாம் கடிகாரம் ஒன்றுதான், அது அசல்தான் என்பதில் மட்டும் இருந்தது. அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

புரிந்தது வெள்ளிக்கிழமை. ஒரு கான்ஸ்டபிள் வந்தான். கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் ஒரு கடிகாரத்தை வைத்தான்.

"இன்ஸ்பெக்டர் ஐயாவோட சொந்தக் கடியாரம். டயலு கறுப்பாக்கணும். பின்னால எழுத்து இருக்கு, தேய்ச்சு எடுத்துடணும். திங்கட்கிழமை வாங்கிக்கிறேன்னு சொன்னாரு."

அவன் போனதும் திருப்பினேன். துரைசாணியின் செல்லப்பெயர்.

தொழிலில் அவசரப்படக் கூடாது என்று உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அன்று நான் பட்ட அவசரத்தில் பின்மூடியில் கத்தி பதியவே இல்லை. தவுக்கே வாங்கித் திறந்தார். அசல் மெஷின். துரைக்காக நாங்களே எண்ணெய் போட்டுக் கொடுத்தது. மூடினார். சர்க்கார் நேரத்தைச் சரியாகக் காட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அது ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பிணத்தின் கையிலிருந்து அசலைக் கழற்றிக்கொண்டவர் இன்ஸ்பெக்டர். நொறுங்கிப்போனதை விட்டுவிட்டார். விட்டது ரெட்டை, அதில் இருந்தது தோட்டத்து நேரம். அது ரெட்டை என்று ஒப்புக்கொண்டால், அசல் எங்கே என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வராமலிருக்க சூசை தூக்கில் தொங்கவேண்டும். துரைமேல் விசுவாசம், சூசைமேல் சந்தேகம் எல்லாம் வெறும் பேச்சு. ஒரு கடிகாரத்துக்காக ஒரு மனிதன்! கம்யூனிஸ்டுகளாவது ஏதோ ஒரு கொள்கையைச் சொல்லிக்கொண்டு சுட்டார்கள்.

அதை ஏன் எங்களிடமே கொடுத்தார் என்று கேட்பீர்கள். டயல் எழுதத் தெரிந்தவர் இந்தப் பக்கத்தில் தவுக்கே ஒருவர்தான். தவிர, எங்களைப் பயமுறுத்தி முடித்துவிட்டதாக அவர் நினைத்தார். திருடனுக்குப் பயந்தவன் கடையைவிடப் பாதுகாப்பான பெட்டி வேறென்ன?

"தேய்ச்சிடு" என்றார் தவுக்கே. "தேய்ச்சுக் குடுத்துட்டுக் கண்ண மூடிக்கிட்டு இரு லா. நாம யாரு கேக்குறதுக்கு?"

யாரிடம் கேட்பது என்றுதான் நானும் யோசித்தேன். போலீசில் புகார் கொடுக்கலாம். வாங்கி எழுதுகிறவர் அதே இன்ஸ்பெக்டர். மேலதிகாரியிடம் நேரே போகலாம். கடிகாரத்தோடு போனால், திருட்டுச் சாமான் என் கையில். அது இன்ஸ்பெக்டர் கொடுத்தது என்பதற்கு என் வாய்தான் சாட்சி. என்னையே உள்ளே வைக்க அவசரகாலச் சட்டத்தில் தாராளமாக இடமுண்டு. கையில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த நடைமுறைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தேன். எல்லாமே என்னிடம் வந்துதான் முடிந்தன. கடைசியில் எஞ்சியது ஒன்றுதான். அது எங்கள் கடை நடைமுறை.

எங்கள் கடையில் ஆணிப் பலகை என்று ஒன்று உண்டு. நீங்களும் பார்க்கிறீர்கள், அதே பலகைதான். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் பச்சைத் துணி ஒட்டி வரிசையாக ஆணி அடித்தது. எந்தக் கடிகாரம் வந்தாலும் கை வைக்குமுன் ஒரு நாள் முழுக்க அதில் தொங்கி ஓட்டம் காட்டவேண்டும், கொடுத்தவர் பெயர் எழுதிய சீட்டு அதன் வாரில் கட்டியிருக்கவேண்டும். பின்னால் "முன்பு நன்றாக ஓடியதே" என்று யாரும் சண்டைக்கு வராமலிருக்கத் தவுக்கேயே போட்ட விதி. முகம் தெருப்பக்கம் இருக்கவேண்டும் என்று மட்டும் அவர் எங்கேயும் சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பழுதுக்குக் கொடுத்திருந்த துரையின் மற்றக் கடிகாரங்களை வாங்கிக்கொள்ள துரைசாணி வருவதாக ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தார். ஊருக்குப் போய்விடப் போகிறாராம்.

சனிக்கிழமை கடை திறந்ததும், இன்ஸ்பெக்டரின் பெயரை அழகாகச் சீட்டில் எழுதி வாரில் கட்டி, அந்தக் கடிகாரத்தை நடு ஆணியில் மாட்டினேன். முகம் சுவருக்கு, முதுகு தெருவுக்கு. எழுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

தவுக்கே வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கழற்றி எறிவார் என்று நினைத்தேன், அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ரெட்டை வெளியே வந்தால் என்னை யாரும் கப்பலில் ஏற்றப்போவதில்லை. அவரைத்தான்.

உள்ளே போனார். ஈரத்துணியோடு வந்தார். தெருக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை, பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கி ஒரு தடவை. அந்தக் கடையில் நான் இருந்த காலத்தில் அவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்து அதற்குமுன் பார்த்ததில்லை.

துரைசாணி வந்தபோது கூடவே மாவட்டப் போலீஸ் மேலதிகாரி, வெள்ளைக்காரர், காவலுக்கு வந்திருந்தார். அம்மாள் காரிலிருந்து இறங்கி இரண்டடி வைத்து நின்றுவிட்டார். கண்ணாடிக்கு அருகே வந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். அழவில்லை. கத்தவில்லை. உதடு மட்டும் அந்தப் பெயரைப் படித்தது. அவர் பெயரை.

"இது உடைந்துபோனது என்று எனக்குச் சொன்னார்களே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அதிகாரி உள்ளே வந்தார். கடிகாரத்தை எடுத்தார், சீட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இது ஏன் இங்கே தொங்குகிறது?"

"கடை நடைமுறை, சார்" என்றேன். "வேலைக்கு வந்த கடிகாரம் முதலில் ஓட்டம் காட்டவேண்டும்."

பூர்வாங்க விசாரணை கோலசிலாங்கூர் கோர்ட்டிலேயே நடந்தது. மேஜிஸ்திரேட் முன்னால் முத்திரையை உடைத்தார்கள். நசுங்கிய பின்மூடியை நெம்பித் திறக்க என்னைக் கூப்பிட்டார்கள். குண்டுச் சில்லுக்குக் கீழே மலிவான மெஷின், தெருவோரக் கடையில் கிடைப்பது. கூண்டில் நின்ற சூசைக்கு அது என்னவென்று புரியவில்லை. அந்தோணியம்மாவுக்குப் புரிந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"ரெட்டை" என்றேன். "வலது கைக் கடிகாரம். தோட்டத்து நேரம்."

"எப்படி அவ்வளவு உறுதி? இதைச் செய்தது யார்?" என்று மேஜிஸ்திரேட் கேட்டார்.

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மூன்று விதமான பதில் தயார் செய்து வைத்திருந்தேன், மூன்றும் பொய் இல்லாமல், மூன்றும் உண்மை இல்லாமல். முதலாவதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நாந்தாங்க" என்றார் தவுக்கே.

திரும்பிப் பார்த்தேன். அவர் நடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். நான் கண்டது அதைவிட மோசம். அவர் முகத்தில் ஒரு திருப்தி. "இன்ஸ்பெக்டரே அசலுன்னு நம்பிட்டாரு பாருங்க. டயலு எழுத மட்டும் ஒரு மாசம் ஆச்சு" என்றார். பிறகு எந்த இடத்தில் எந்த எழுத்து எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று கோர்ட்டுக்கு விளக்க ஆரம்பித்தார். நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. கோர்ட்டில் தங்கக் கடிகாரம் கட்டியிருந்த கனவான்கள் பலர் இருந்தார்கள், வக்கீல், கிராணிமார், கடைக்காரர். அவர் பேசப் பேச ஒவ்வொருவராகச் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டார்கள்.

சூசையை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அவன் முதலில் கேட்டது, "இப்ப மணி என்னா?" அந்தோணியம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இனிமே ஒனக்கு மணி எதுக்கு, நடய்யா!"

பிறகு நடந்ததை நீங்கள் நம்பவேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. எனக்கே இன்றுவரை ஜீரணமாகவில்லை. இன்ஸ்பெக்டர், கடிகாரத்தைப் பத்திரமாக வைத்திருந்ததாகவும் பதிவு செய்ய மறந்துவிட்டதாகவும் விளக்கம் கொடுத்தார். கிழக்குக் கரைக்கு மாற்றினார்கள். அங்கே கடல்காற்று உடம்புக்கு நல்லது என்று கேள்வி. தவுக்கேயைப் பிடித்து வைத்தார்கள். ரெட்டை செய்ததற்கு அல்ல, அதற்கு அபராதம்தான். வெடிகுண்டுக்குக் கடிகாரம் போயிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு. சந்தேகத்துக்கு விசாரணை தேவையில்லை. மனுக்கள் எழுதினேன். நல்ல ஆங்கிலம், எல்லாப் பிரிவும் சரியான எண்ணோடு. ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பிணத்தின் கையிலிருந்து திருடியவர் இந்த நாட்டில் இருந்தார். உண்மையைச் சொல்ல எழுந்து நின்றவர் இல்லை.

கப்பலுக்குக் கொண்டுபோக லோரியில் ஏற்றிய அன்று ஸ்டேஷன் வேலிக்கம்பிக்கு வெளியே நின்றேன். பார்த்துவிட்டார்.

"கேம்பிரிட்ஜு! நாலாவது ஆணியில தொங்குறது மாதாகோயில் சாமியாரோடது. கொஞ்சம் மெதுவா ஓடுது. சரி பண்ணிக் குடு. திறந்து பாத்துட்டு அவருகிட்ட ஒண்ணும் சொல்லாதே, என்னா?"

லோரி கிளம்பிவிட்டது. அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

கடைக்குத் திரும்பி நாலாவது ஆணியிலிருந்ததை எடுத்துத் திறந்தேன். எனக்கு அதிர்ச்சியடையக்கூடிய சக்தி தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. ரெட்டை. அசல் என்று நம்பிச் சாமியார் இத்தனை காலம் அதைப் பார்த்துத்தான் கோயில் மணியடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சாமியாரையும் விட்டுவைக்கவில்லை. கோர்ட்டில் எழுந்து நின்றவரும் அவர்தான். இந்த இரண்டையும் ஒரே ஆளில் சேர்த்துவைக்க நான் பல வருஷம் முயன்றேன். உங்களுக்கு முடிந்தால் சொல்லுங்கள். சரி பண்ணி, வாயைத் திறக்காமல் சாமியாரிடம் கொடுத்தேன்.

திறக்காத கடிகாரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் உங்களுக்குச் சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான். முகத்தை எந்தத் தவுக்கேயும் எழுதிவிடலாம். அதனால்தான் முதுகைத் தெருவுக்குக் காட்டி மாட்டச் சொல்கிறேன். யாருடையதோ அவர்கள் கடந்துபோகும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த லோரி போன அடுத்த ஞாயிறு, பூசைக்குப் போகும் வழியில் அந்தோணியம்மாவும் சூசையும் கடை வாசலில் நின்றார்கள். மாதாகோயில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது.

"தவுக்கேயக் கொண்டுபோன ஊருல அவருக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள், அம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். சூசை போகலாம் என்று முழங்கையைத் தொட்டான். அவள் நகரவில்லை.

"அங்க தமிழு பேசுற ஆளுங்களாவது இருப்பாங்களா?"